அச்சாரம் வாங்கிய வண்டி

வெற்றிலையின் மேல் வைத்து நீட்டிய அந்த அச்சாரப் பணம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. "கிள்ளானில் கல்யாணம், உங்க அஞ்சு வண்டியும் வாடகைக்கு வேணும்" என்றார்கள். கேட்டது தேர்தல் நாளுக்கு. அதற்காக ஊரில் கல்யாணம் நிற்குமா என்று அத்தான் வாங்கிக்கொண்டார்.

அத்தான் என் அக்காளின் புருஷர். லோரி கழுவினார், பிறகு ஓட்டினார், பழைய கார்களைச் சீராக்கி விற்று, பிரிக்பீல்ட்ஸில் சொந்தமாகக் கார் கடையும் வைத்தார். இங்கிலீஷ் நாலு வார்த்தைதான் வரும். எங்கள் ரயில்வே வரிசை வீடுகளுக்கெல்லாம் அப்போது ஒரே ஒரு தண்ணீர்க் குழாய். எங்கள் சங்கத் தலைவராக வருகிறவரைத்தான் துரைமார் நகர சபைக்கு எடுப்பார்கள். அங்கே போய்க் குழாய் கேட்கத்தான் அத்தான் அந்தத் தலைவர் தேர்தலில் நின்றார். எதிரில் நின்றவர் ஒரு வக்கீல்.

கல்யாணம் எதுவும் இல்லை, கிள்ளான் அங்கத்தினர்களை ஓட்டுக்கு அழைத்துவர வக்கீலின் ஆட்கள் பிடித்த வண்டிகள் அவை என்று பிறகுதான் தெரிந்தது. அக்காள் பொரிந்து தள்ளினாள். "உங்க தலையில நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டீங்க. திருப்பிக் கொடுங்க."

"அச்சாரம் வாங்கியாச்சு. வண்டி போகும்" என்றார் அத்தான். நான் மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன். வேறென்ன செய்ய?

அன்று ஒரு வண்டியை நான்தான் ஓட்டினேன். முன் சீட்டில் வக்கீலின் ஆள், யாருக்குப் போட வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். பின்னால் இருந்த துறைமுகத் தொழிலாளி ஒருவர் சீட்டைத் தடவிப் பார்த்தார். "இந்த வண்டியோட முதலாளி, கிள்ளானுக்கு இதை விலைக்குக் காட்ட வந்தப்போ, வழியில என் சம்சாரத்தை ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாரு. இதுலயே பிள்ளை பொறந்திடுச்சு. சீட்டெல்லாம் பாழ். வாங்க இருந்தவன் வேணாம்னு போயிட்டான். மனுஷன் முகம் சுளிக்கலை."

வக்கீலின் ஆள் திரும்பினார். "இன்னிக்கு உனக்கு வண்டி அனுப்பினது யாரு?"

"நீங்கதான் ஐயா. நல்லா இருங்க."

வண்டியே சிரித்தது.

அத்தான் ஜெயித்தார். கர்த்தர் கிருபையால் அடுத்த மழைக்காலத்துக்குள் எங்களுக்குக் குழாய்களும் வந்தன. இன்று வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வருகிறது, பிள்ளைகள் திறந்துவிட்டு மூட மறக்கிறார்கள். ஆனால் என் மனம் போய் நிற்பது அந்தச் சாயங்காலத்தில்தான். மாலை போட்டு, ஊர்வலம் போகக் காரில் ஏறச் சொன்னார்கள். "பொழுது சாயுற வரைக்கும் அது வக்கீலய்யா வண்டி" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். கூட்டமும் நடந்தது. வக்கீலை வீட்டில் விட அந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த நான் கூட்டத்தைக் கடக்க முடியாமல் பின்னாலேயே ஊர்ந்தேன். கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தவர், "நிறுத்துப்பா" என்றார். இறங்கிப் போய் அத்தானின் பக்கத்தில் நடந்தார். காலி வண்டியை ஓட்டிக்கொண்டு, ஜெபமாலை சொல்லிக்கொண்டு, நான் அவர்கள் பின்னால் போனேன்.