சகதிக்குள் அவர், தூண்டிலோடு நான்

இரண்டு வருஷத்துக்கு முன்பு, தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. மதுரையிலிருந்து திருச்சி போகிற வழியில், கொட்டாம்பட்டி பக்கம் ஒரு கண்மாய். எந்த ஊர்க் கண்மாய் என்று சொல்ல மாட்டேன். அங்கே எங்கள் மானம் கொஞ்சம் போயிருக்கிறது.

என் வீட்டுக்காரருக்கு வண்டி உதிரிப்பாகக் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஊரே கறிக்கடையில் நிற்கும்போது இவர் இரண்டு தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஏதாவது கண்மாய்க்குக் கிளம்பிவிடுவார். புழுவைக் கோத்துப் போட்டுவிட்டுக் காத்திருக்கிற தூண்டில் இல்லை. சக்கரம் வைத்த கம்பு, நூல் முனையில் ரப்பர் தவளை. அதைத் தூரமாக வீசி, தவளை தத்திப் போகிற மாதிரி இழுத்தால், விரால் மீன் ஏமாந்து பாய்ந்து கவ்வும். எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், அப்படிப் பிடித்த மீனைப் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார். எதிர்வீட்டு அக்கா தூண்டிலைப் பார்த்துவிட்டு மீன் குழம்பா என்று கேட்கும்போது நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருப்பேன்.

அன்று நானும் கூட இருந்தேன். மீன் பார்க்கிற ஆசையில் இல்லை, சொந்தத்தில் ஒரு காதுகுத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். மகளை முந்தின நாளே அங்கே அனுப்பியிருந்தோம். நேரம் இருக்கிறது, அரை மணி நேரம்தான் என்று சொல்லி வண்டியைக் கண்மாய்க்குத் திருப்பிவிட்டார். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நான் கரையில் நிற்கிறேன். கோபம் வருமா, வராதா?

அவர் வீசிய தவளை, தண்ணீருக்குள் நின்ற ஒரு கருவேல மரத்தில் போய்ச் சிக்கிக்கொண்டது. இழுத்த இழுப்பில் நூல் அறுந்து, தவளை மட்டும் கிளையில் தொங்கியது. போனால் போகட்டும், வாங்க என்றேன். வெளிநாட்டுத் தவளையாம், மனசு வரவில்லை. வேட்டியை அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டு, அரைக்கால் டவுசரோடு இறங்கினார். முழங்கால் தண்ணீர்தான். பாதி தூரம் போனவர் சட்டென்று இடுப்பு வரைக்கும் இறங்கினார். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். காலை எடுக்கப் பார்த்தார், வரவில்லை. ஒரு காலை உருவினால் இன்னொரு கால் ஆழமாகப் போனது. தண்ணீர் நெஞ்சுக்கு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

நான் போட்ட சத்தத்தில், புல்லுக்கட்டோடு மொபெட்டில் போய்க்கொண்டிருந்த ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு இறங்கப் போன என்னை வழிமறித்தார்.

"இறங்காதீங்கக்கா. அது மண்ணு அள்ளுன குழி. உள்ள பூராம் சகதி. நீங்க போனா ரெண்டு பேரைத் தூக்கணும்."

ஊரில் யாருக்கோ போன் போட்டார். வருகிறார்கள், ஆனால் நேரமாகும் என்றார். புல்லுக்கட்டைப் பிரித்து, அந்தக் கயிற்றைச் சுருட்டி வீசினார். நீளம் போதும், ஆனால் லேசான நைலான் கயிறு, பாதியிலேயே விழுந்தது. கல்லைக் கட்டி வீசலாம் என்றால் மண்டையில் பட்டுவிடுமோ என்று பயம். என் வீட்டுக்காரர் இப்போது பேசவே இல்லை. எப்போதும் வாய் ஓயாத மனிதர். மகளிடம் என்ன சொல்வேன் என்றுதான் எனக்குள் ஓடியது.

அப்போதுதான் வண்டியில் சாய்த்திருந்த இரண்டாவது தூண்டில் கண்ணில் பட்டது. முந்தின கோடையில் கரண்ட் போன ஒரு சாயங்காலம், மொட்டை மாடியில் வாளியை வைத்து, அதற்குள் விழுகிற மாதிரி வீசச் சொல்லிக்கொடுத்தார். வேறு வேலை இல்லாததால் நானும் கற்றுக்கொண்டேன். வாளிக்குள் விழுந்ததைவிட அடுத்த வீட்டு மாடியில் விழுந்ததுதான் அதிகம்.

அவர் தூண்டில் பையிலிருந்த, கம்பி வெட்டுகிற குறட்டை எடுத்துக் கொடுத்தேன். அந்தத் தம்பி, இந்தத் தூண்டிலில் தொங்கிய தவளையின் முள்ளை, அவரைக் குத்திவிடாதபடி வெட்டி எடுத்தார். நான் வீசினேன். தவளை பக்கவாட்டில் போய் நாணலில் விழுந்தது. மறுபடி வீசினேன், அவருக்கு முன்னால் விழுந்தது. தலை மட்டும் வெளியே தெரிய நின்ற மனிதர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"நீ நூலைப் பிடிச்ச வெரலைச் சீக்கிரமா விட்டுர்ற. கம்பு நேரா வந்தப்பறம் விடு."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. சும்மா இருங்க என்று கத்தினேன். ஆனால் அவர் சொன்ன மாதிரிதான் வீசினேன். தவளை அவர் தலையைத் தாண்டிப் போய் விழுந்து, நூல் தோளில் கிடந்தது. பிடித்துக்கொண்டார்.

கரைப் பக்கம் நூலை வெட்டிக் கயிற்று முனையில் முடிந்தோம். அவர் நூலை இழுக்க இழுக்கக் கயிறு தண்ணீரில் நெளிந்து போனது. கயிற்றை அக்குளுக்குக் கீழே சுற்றிக் கட்டிக்கொண்டார். இந்த முனையை ஒரு மரத்தில் சுற்றி, நானும் அந்தத் தம்பியும் இழுத்தோம். மல்லாக்கச் சாயுங்கண்ணே, உதறாதீங்க என்று தம்பி சொல்லிக்கொண்டே இருந்தார். கொஞ்சங்கொஞ்சமாக, செருப்பைச் சகதியிலேயே விட்டுவிட்டு, மனிதர் வந்து சேர்ந்தார். கரையில் போட்டதும் நான் அவர் முதுகில் இரண்டு அடி வைத்தேன். அப்புறம் கட்டிக்கொண்டு அழுதேன். பட்டுச்சேலை பூராவும் சேறு.

அதற்குள் ஊர் ஆட்கள் வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே, "இந்தக் கண்மாயில இம்புட்டுப் பெரிய விராலை யாரும் பிடிச்சதில்லக்கா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிதறிக் கிடந்த புல்லை அள்ளிக் கட்டிக்கொண்டு, தன் துண்டை எங்களிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார். பேரைக் கேட்கக்கூடத் தோன்றவில்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது.

காதுகுத்து வீட்டில் எங்களைப் பார்த்தவர்கள் சாக்கடையில் விழுந்தீர்களா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அவர் இன்னமும் கண்மாய்க்குப் போகிறார். தடுத்துப் பார்த்தேன், நடக்கவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை சமையலைச் சுருக்கிக்கொண்டு நானும் போகிறேன். விரால் மேல் எனக்கு இன்றுவரை ஆசை வரவில்லை. ஆனால் தண்ணீரில் இறங்குகிற மனிதருக்குக் கரையில் தன் ஆள் ஒன்று நிற்க வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன், அதனால் நிற்கிறேன்.