முக்கூடலில் பிடுங்கிய நான்கு குச்சிகள்

என் மகள் நஸ்ரின் ஆறாம் வகுப்பு. மலைப் பாறை உடைந்து, ஆற்றோடு உருண்டு போய்த்தான் கடற்கரை மணலாகிறது என்று பாடத்தில் வந்திருக்கிறது. "அப்ப நம்ம ஆத்த காட்டும்மா" என்று ஒரு வாரமாக என் உயிரை வாங்கிவிட்டாள். உத்திரமேரூர் கடைத்தெருவில் வளையல் கடை வைத்திருக்கும் எனக்கு ஞாயிறு மதியம்தான் ஓய்வு. மழையெல்லாம் ஓய்ந்த மாசியில் கிளம்பினோம்.

திருமுக்கூடல் சுமார் இருபது கிலோமீட்டர். தெரிந்த ஆட்டோக்காரர் குமாரைக் கூப்பிட்டுக்கொண்டோம். காத்திருப்பதும் சேர்த்து, போக வர எழுநூறு ரூபாய். அவருக்கு மாமியார் வீடே அந்த ஊர்தான். மூன்றரைக்குப் பெருமாள் கோயில் பக்கம் இறக்கிவிட்டு, ஆற்றில் ரொம்ப உள்ளே போகாதீர்கள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். தண்ணீரே இல்லாத ஆற்றில் என்ன பயம் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அப்படி.

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேரும் இடம். சேர்வதற்குத் தண்ணீர் வேண்டுமே! ஓரமாக ஒரு ஓடை. மற்றபடி கண்ணுக்கெட்டிய வரை மணலும், காய்ந்து வெடித்த வண்டலும்தான். பல வருஷம் மணல் அள்ளியதில் அங்கங்கே களிமண்ணே தெரிந்தது. இங்கே அள்ளிவிட்டால் கடலுக்கு மணல் போகாது, அப்புறம் கடல் கரையைத் தின்னும் என்று நஸ்ரின் எனக்குப் பாடம் எடுத்தாள். பெருமையாகத்தான் இருந்தது. நான் நிழலில் உட்கார்ந்து சமோசாவைப் பிரித்தேன். அவள் பையை எடுத்துக்கொண்டு குப்பை பொறுக்கப் போனாள். சுற்றுச்சூழலைக் காக்க வேண்டுமாம், பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள்.

நிமிர்ந்து பார்த்தால் ஆற்றின் நடுவே நிற்கிறாள். கையில் நான்கு வேலிகாத்தான் முள்மரக் குச்சிகள், ஒவ்வொன்றிலும் கிழிந்த சேலைத்துணி. யாரோ குப்பையை நட்டு வைத்திருக்கிறார்கள், எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டேன் என்று அங்கிருந்தே கத்தினாள். நான் சிரித்துக்கொண்டே அவளை நோக்கி நடந்தேன். பாதி தூரம் போயிருப்பேன், கரையிலிருந்து குமார் குரல் கொடுத்தார்.

"அக்கா, அப்டியே நில்லுங்க. பாப்பா, கால எடுக்காத. அது பள்ளத்துக்கு வச்ச அடையாளம்."

மணல் அள்ளிய பள்ளங்கள். வெள்ளத்தில் வண்டல் நிரம்பி, மேலே மட்டும் காய்ந்து தரை மாதிரியே கிடக்கும். அடியில் ஆள் உயரத்துக்கு மேல் சேறு. ஊர்க்காரர்கள் ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பிலும் துணி கட்டிய குச்சி நட்டு, அதைப் பார்த்து விலகித்தான் ஆற்றைக் கடக்கிறார்கள். அந்தக் குச்சிகள் இப்போது என் மகள் கையில்.

நஸ்ரினை வந்த காலடியிலேயே திரும்பி வரச் சொன்னார் குமார். ஒவ்வொரு அடியாக வந்தாள். ஒரு இடத்தில் தடம் தவறி இடது கால் முழங்கால் வரை இறங்கியது. யா அல்லா! எப்படியோ காலை உருவிக்கொண்டாள். கைக்கு எட்டியதும் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன், பிறகுதான் கட்டிக்கொண்டேன்.

கரையில் எருமைகளோடு ஒரு அம்மாள் நின்றிருந்தார். அக்கரையில் வீடு. "குப்பைன்னு நெனச்சிக்கினியா கண்ணு?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவரும் குமாரும் நஸ்ரினின் காலடியைப் பிடித்துப்போய், மூங்கிலால் குத்திக் குத்திப் பார்த்து, மூன்று குச்சிகளைத் திரும்ப நட்டார்கள். நான்காவது இடத்தில் பழைய மாட்டுக் குளம்புத் தடங்களுக்கு நடுவே இவள் காலடி தெரியவில்லை. தேடத் தேட வெளிச்சம் போய்விட்டது.

அம்மாள் எருமைகளைப் பாலத்து வழியாகச் சுற்றி ஓட்டிப்போனார். கோயில் மைக்கில் சொல்லச் சொன்னோம். நானும் இரண்டு கரையிலும் வீடு வீடாகப் போய், என் பெண் குச்சியைப் பிடுங்கிவிட்டாள், ஆற்றில் இறங்காதீர்கள் என்று சொன்னேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. பயம் அதைவிட அதிகம்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கோயிலைப் பாருங்கள். ஆற்றைப் பாலத்தில் நின்றே பாருங்கள், நன்றாகத் தெரிகிறது. இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் ஊர்க்காரர் ஒருவர் கூட வரட்டும். துணி கட்டிய குச்சியைத் தொடாதீர்கள். பிள்ளைகள் குப்பை பொறுக்குவது நல்ல விஷயம்தான், ஆனால் எது குப்பை என்று அந்த ஊரைக் கேட்டுவிட்டுப் பொறுக்கட்டும்.

மறுநாள் காலை குமார் போன் செய்தார். "நாலாவது பள்ளம் தெரிஞ்சிடுச்சிக்கா" என்றார். எப்படி என்று கேட்டேன். விடியற்காலையில் மாகறல் ஊர்ப் பக்கமிருந்து கன்றுக்குட்டி பிடித்துக்கொண்டு வந்த ஒருவர் ஆற்றில் இறங்கியிருக்கிறார். நாங்கள் சொன்னது எதுவும் அவர் காதுக்கு எட்டவில்லை. முன்னால் ஓடிய கன்று உள்ளே போய்விட்டது. கயிற்றை விட்டதால் அவர் பிழைத்தார்.

நஸ்ரின் யூனிஃபார்மோடு பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"குச்சி இருந்திருந்தா அவரு சுத்திக்கினு போயிருப்பாரு இல்லம்மா?"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆமாம் என்றேன்.