மயிலாடியில் ஒரு விமான இறக்கை: பெட்ரோல் டேங்கில் கசிவு தேடிய பயணம்

சொந்தமாகச் சின்ன விமானம் கட்டுகிறவர்கள் நம் ஊரில் குறைவு. அவர்களில் ஒருவர் தங்கமணி அண்ணன். வளைகுடாவில் விமானங்களைப் பழுதுபார்க்கும் ஒரே ஹேங்கரில் ஆறு வருடம் என்னோடு வேலை பார்த்தவர். மனைவி இறந்தபின் ஊருக்குத் திரும்பி, தகர ஷெட் போட்டு, இரண்டு பேர் அமரும் விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார். போன மாதம் அழைத்தார்: “இறக்கைக்குள்ள உள்ள பெட்ரோல் டேங்க சீல் பண்ணியாச்சு மக்கா. வேறொருத்தன் கண்ணும் பாக்கணும்லா?”

பெங்களூரிலிருந்து இரவு ரயில். காலை எட்டரைக்கு நாகர்கோவில் ஜங்ஷன். அண்ணா பஸ் நிலையம்வரை ஆட்டோ நூறு ரூபாய். அங்கிருந்து மயிலாடிக்குச் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர், டவுன் பஸ்ஸில் பதினைந்து ரூபாய். சாலை முழுக்கச் சிற்பப் பட்டறைகள். அண்ணனின் ஷெட்டும் ஒரு பட்டறையை ஒட்டித்தான்.

“வந்தியாலே? சாப்பிட்டியா?” என்றார். அடுத்த மாதம் கனடாவிலிருந்து மகள் வருகிறாள், அவள் முன்னால் முதல்முறையாக எஞ்சினை ஓட வைக்க வேண்டும் என்று இட்லி வைத்தபடியே சொன்னார். மகளுக்கான அறையில் புது மெத்தை பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தது.

மதியம் சோதனை. டேங்கின் வாய்களை எல்லாம் அடைத்து, கைப்பம்பால் கொஞ்சமே கொஞ்சம் காற்று ஏற்றினோம். டேங்கோடு இணைத்த, வளைத்த கண்ணாடி டியூபில் நின்ற நீல நிறத் தண்ணீர்தான் எங்கள் அளவுகோல். கசிந்தால் மட்டம் இறங்கும். ஒரு மணி நேரம் இறங்கவே இல்லை.

“பிடிச்சு நிக்குல்லா!” என்று சிரித்தார்.

எனக்குத்தான் உறுத்தியது. “அண்ணே, தகரம் கொதிக்குது. உள்ள காத்து சூட்டுல விரியும். கசிவு இருந்தாலும் தெரியாது. விடியக்காலையில இன்னொரு தடவை பாப்போம்.”

அவர் முகம் மாறியது.

மறுநாள் வெயில் வருமுன் மறுபடி காற்று ஏற்றினோம். அரை மணியில் தண்ணீர் இரண்டு விரற்கடை இறங்கிவிட்டது. சோப்பு நீர் தடவினேன். பின்பக்க இணைப்பில் குமிழ்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. மேல்மூடியைத் திறந்து பார்த்தால், இணைப்பை அடைக்கும் சீலன்ட் பசைக்கு அடியில் வெள்ளையாகப் பக்கத்துப் பட்டறையின் கல்தூசி; அதனால்தான் ஒட்டவில்லை. முழுவதையும் சுரண்டி, மறுபடி பூசிக் காயவிட ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். பெட்ரோல் கசியும் டேங்கை வைத்துக்கொண்டு எஞ்சினை ஓட்ட முடியாது.

அங்கேயே நின்று மகளை அழைத்து, இப்போதைக்கு எஞ்சின் ஓடாது என்றார். ஸ்பீக்கரில் கேட்டது: “அப்பம் நான் கிறிஸ்மஸ் லீவுக்கு மாத்திக்கிடட்டாப்பா?”

“மாத்திக்கோ மக்ளே.”

போனை வைத்ததும் கேட்டேன், “சும்மா வரச் சொல்லியிருக்கலாமே அண்ணே?”

“வந்தா என்னத்தக் காட்ட? என்னையா?”

அன்றைய ரயிலை ரத்து செய்துவிட்டு அவரோடு சுரண்ட உட்கார்ந்தேன். பக்கத்துப் பட்டறையில் உளி ஓயவே இல்லை. மறுநாள் மாலை, திடீரென்று சுரண்டியைக் கீழே வைத்துவிட்டு மகளை அழைத்தார்.

“மக்ளே, டிக்கெட்ட மாத்திட்டியா?”

“நேத்தே மாத்திட்டேன்ப்பா. ஏன்?”

“ஒண்ணும் இல்ல, சும்மாதான்.” மறுபடி சுரண்டியை எடுத்துக்கொண்டார்.

இப்படிப்பட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு: சோதனையை வெயில் ஏறுமுன் செய்யுங்கள். கார் டயர் பம்பை டேங்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், அந்த அழுத்தத்தில் டேங்க் கிழிந்துவிடும். சீலன்ட் பூசும்போது ஷெட்டைத் தார்ப்பாயால் மூடுங்கள். டேங்க் நன்றாக இருந்தாலும் இரண்டு நாள் கூடுதலாகத் தங்குங்கள்.