சூடைக்கு நாடா எட்டவில்லை

போன புதன்கிழமை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரையும் ஒரே நாடாவால் கட்டிப்போட்டேன். எனக்குக் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம்தான்... ஆனால் இது பாடம்! உணவு வலை.

ஆளுக்கொரு பெயர் எழுதிய மட்டை. ஒருத்தி நெல், ஒருவன் எலி, இன்னொருவன் சாரைப்பாம்பு. யார் யாரை நம்பி வாழ்கிறாரோ அவருக்கு நாடாவை நீட்ட வேண்டும். சண்டைக்காலம், கடைகளில் நூல் கிடைக்கவில்லை. என் பழைய சேலை ஒன்றைக் கிழித்து முடிந்தேன்.

உண்மையில் அந்தப் பாடம் செல்வி என்ற ஒரு பிள்ளைக்காகத்தான். மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு வந்த மீன்பிடிக் குடும்பம். மதியம் அவள் கருவாட்டுக் குழம்போடு பெட்டியைத் திறந்தால், அதே வாங்குப் பலகையில் இருக்கும் மற்றப் பிள்ளைகள் எழும்பிப் போய்விடுவார்கள். ஏசிப் பார்த்தேன். ஏசினால் மூக்குக் கேட்குமா? திங்கட்கிழமை தாய் வந்து, பிள்ளை இனி வரமாட்டேன் என்கிறாள், வீட்டோடு மறித்துவிடுகிறேன் என்றார். வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன்.

அவள் சந்தோஷப்படட்டும் என்று சூடை மீன் மட்டையைக் கொடுத்தேன். என் புத்தியைப் பாருங்கள்! சூடையைத் தின்ன ஒரேயொரு கொக்குத்தான் வைத்திருந்தேன். கொக்குக்கு அன்றைக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடம் வரவில்லை. வகுப்பே பின்னிக்கொண்டு நிற்க, செல்வி மட்டும் மட்டையோடு வெளியே நின்றாள். சேர்க்க நினைத்த நானே அவளை எல்லாரும் பார்க்கத் தனியாக நிறுத்திவிட்டேன்.

சூடைக்கு யார் நாடா கொடுப்பீர்கள் என்று கேட்டேன். வகுப்புத் தலைவி சிவகௌரி புகையிலை மட்டையோடு நின்றாள். தகப்பனும் புகையிலைத் தோட்டக்காரர்தான்.

“நாங்கள் சைவம், ரீச்சர். மீன் எங்கடை பக்கம் வராது.”

ஒரே சிரிப்பு. செல்வி குனிந்தபடி நின்றாள். பிறகு, இத்தனை மாதத்தில் முதல் தடவையாக, வகுப்பில் வாய் திறந்தாள்.

“வந்ததுதானே. முந்தி உங்கடை புகையிலைக்குப் பசளையாய்த் தாட்டது எங்கடை சூடை. அம்மாவும் நானும் காயவைச்சுச் சாக்கிலை கட்டி அனுப்பினனாங்கள்.”

சிரிப்பு நின்றுவிட்டது. தோட்டக்காரப் பிள்ளைகளுக்குத் தெரியாதா? காய்ந்த சூடையைக் கன்றடியில் புதைத்தால்தான் இலை தடிக்கும். எங்கள் அடுப்படிக்குள் மீன் நுழையாது. தோட்டத்துக்குள் மூட்டை மூட்டையாக நுழையும். அங்கே அதை மீன் என்று சொல்லமாட்டோம் — பசளை! என் வீட்டிலும் தோட்டம் இருக்கிறது. விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கே உறைக்கவில்லை என்றால் வேறு யாரைச் சொல்ல?

சிவகௌரி தன் புகையிலை மட்டையைப் பார்த்தாள். “இந்த முறை சூடை வரேல்லை எண்டு அப்பா சொன்னவர். இலையும் சின்னன்,” என்றாள் மெதுவாக. ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. கடலுக்குப் போக முடியாதவரின் பிள்ளை முன்னால் நிற்கிறாளே. சிவகௌரி நடந்து போய் நாடாவின் நுனியை அவள் கையில் கொடுத்தாள்.

இழு என்றேன். செல்வி இழுத்தாள். புகையிலை அசைந்தது, புழு அசைந்தது, குருவி அசைந்தது... வகுப்பு முழுவதும் ஆடியது. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை தாய் வந்தார். யன்னலால் எட்டிப் பார்க்கச் சொன்னேன். சாப்பாட்டு நேரம். செல்வியின் பெட்டி திறந்திருக்கிறது. பக்கத்தில் சிவகௌரி, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறுகையால் புட்டுச் சாப்பிடுகிறாள்.

பொத்தட்டும். எழும்பிப் போகவில்லையே!