அமாவாசையன்று தறிக்குழியில் இன்சுலின்

கரண்ட் போவதற்கு எங்கள் வீட்டில் ஒத்திகை நடக்கும். சோறு தின்றுகொண்டிருக்கும்போதே நைனா, "கரண்ட் போச்சு!" என்று கத்துவார். தலைக்கு மேல் பல்பு எரிந்துகொண்டிருக்கும். நான் கையைக் கழுவிக்கொண்டு ஓடி, ஃபிரிட்ஜிலிருந்து அம்மாவின் இன்சுலின் புட்டியை எடுக்க வேண்டும். தங்கை ஈரத்துணி சுற்றிய மண்சட்டியை நீட்டுவாள். அதைத் தறிக்குழிக்குள் இறக்க வேண்டும். நெய்பவர் காலைத் தொங்கவிட்டு உட்காரும் அந்தக் குழிதான் ஆரணி வெயிலில் எங்கள் வீட்டிலேயே குளிர்ந்த இடம். "ஜல்தி, ஜல்தி!" என்று நைனா விரட்டுவார். அம்மா மட்டும் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. சூடு பட்டால் மருந்து கெட்டுவிடும், ஊசி தவறினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் பயமுறுத்தியிருந்தார். வேலூருக்குப் போய் வாங்கிவர வேண்டிய மருந்து. அதற்கென்றே ஒரு பழைய ஃபிரிட்ஜ் வாங்கியிருந்தோம்; கரண்ட் போனால் அதில் குளிர் நிற்காது.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு சித்திரை மாதத்து நடுப்பகலில் கரண்ட் உண்மையாகவே போனது. சாயந்திரம்தான் வருமாம். நான் புட்டியை எடுத்தேன், தங்கை சட்டியை நீட்டினாள்.

"நில்லு!" என்றார் நைனா.

அன்றைக்கு அமாவாசை. தறிக்கு ஓய்வு நாள். பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டால் மறுநாள்வரை யாரும் குழியில் இறங்கக் கூடாது. அத்தனை ஒத்திகையிலும் இது ஒருவர் மண்டையிலும் உறைக்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

நைனா ஓடிப்போய் எதிர்வீட்டு நெசவாளரைக் கூட்டிவந்தார். அவர் குழியை எட்டிப் பார்த்து, "மிதிகட்டை மேல காலு பட்டாத்தான் வேலை. படலைன்னா சும்மா குந்திகினு இருக்கறதுதான்," என்று தீர்ப்புச் சொன்னார்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "சட்டி வெக்கறதும் வேலைதானே?"

"சட்டி இன்னா, பொடவையா நெய்யுது?"

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆளுக்கொரு நியாயம் பேசினார்கள். புட்டி என் கையிலேயே சூடாகிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். "ஏங்க, தறிக்கு மாசத்துக்கு ஒரு நாளு லீவு. என் ஊசிக்கு என்னிக்குங்க லீவு?"

நைனா என் கையிலிருந்த புட்டியைச் சட்டிக்குள் வைத்து, தங்கையிடமிருந்து சட்டியை வாங்கிக்கொண்டார். தறியைக் கும்பிட்டுவிட்டுக் குழியில் இறங்கினார். மிதிகட்டையில் பட்டுவிடாமல் இரண்டு காலையும் மடக்கிக்கொண்டு, சட்டியை மார்போடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"சட்டிய வெச்சிட்டு மேல வாயேம்பா," என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"கவுந்துடும்," என்றார் நைனா. எவ்வளவு சொல்லியும் அசையவில்லை.

சாயந்திரம் கரண்ட் வந்தபோது அவருக்குக் கால் மரத்துப்போயிருந்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வெளியே போட்டோம். அப்போதும் சட்டியை விடவில்லை.

"சில்லுனு இருக்குதா பாரு," என்றார் அம்மாவிடம்.

அம்மா புட்டியை எடுத்து அவர் கன்னத்தில் வைத்தாள். "இருக்குது," என்று சொன்ன நைனா, அத்தனை பேர் எதிரிலும் அழுதுவிட்டார்.