பதினோராம் அறைக்கு எதிரே பச்சை மை

கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் எந்த அறை வாசலில் நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம்... எண்ணெய் வாசனை போதும். கடுகெண்ணெய் என்றால் ஒடிசாப் பையன்கள். தேங்காய் எண்ணெய் என்றால் நாகர்கோவில். கடலை எண்ணெயில் கறிவேப்பிலை பொரிந்தால் தேனிக்காரர்கள். இருபத்து நான்கு அறைகள் கொண்ட காம்பவுண்டு, நடுவில் ஒரே தண்ணீர்க் குழாய்.

ஒரு வாசனை மட்டும் அங்கே வந்ததே இல்லை. மூட்டு வலிக்குத் தேய்க்கும் தைல வாசனை. முப்பதைத் தாண்டிய ஒருவர்கூட அந்தக் காம்பவுண்டில் இல்லை.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. திருப்பூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்து. பனியன் ஏற்றுமதி நிறுவனமொன்றில் ஆவணப் பிரிவில் இருந்தேன். வயது முப்பது. காம்பவுண்டில் நான்தான் மூத்தவன் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் காம்பவுண்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருபவர் மாவட்டத்தின் பெயரைச் சொன்னால் போதும். “தேனியா? சரி, தண்ணி காலைல ஆறு மணிக்கு வரும், குடத்தை வரிசைல வெச்சிருங்க.” அவ்வளவுதான். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று எவரும் மேலே கேட்பதில்லை.

அதை நான் ஒழுங்கின்மை என்று கருதினேன்.

ஒருநாள் வீட்டுக்காரரும் அப்படியே சொன்னார். “ஏனுங்க தம்பி, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஆருக்குச் சொல்றதுங்க? நீங்க படிச்சவிங்க. ஒரு நோட்டுப் போட்டு எல்லாத்தையும் எழுதி வெச்சுப்போடுங்க.”

அன்றே நோட்டில் கோடு போட்டேன். அறை எண், பெயர், வயது, சொந்த ஊர், ஆபத்து நேர்ந்தால் தகவல் தர வேண்டிய தொலைபேசி எண். ஊரில் சொந்தமாகத் தொலைபேசி இல்லாதவர்கள் பக்கத்துக் கடையின் எண்ணைத் தந்தார்கள். பி.பி. நம்பர் என்று அன்று சொல்வோம்.

நெல்லைப் பக்கத்து அந்தோணி, என்னை வி.ஏ.ஓ. என்று கேலி செய்பவன், நோட்டை எட்டிப் பார்த்தான். “வயசுக்கு எதுக்கு அண்ணாச்சி தனியா ஒரு கட்டம்? மேலயே மொத்தமா இருபத்திரண்டுன்னு எழுதிருங்க.”

பதினோராம் அறையில் முருகேசனும் கலாவும். அவன் ஓவர்லாக் டெய்லர். அவள் அதே கம்பெனியில் செக்கிங். கணவன் மனைவி. இருபத்து மூன்று, இருபது. ஊர் என்ற இடத்தில் கலா விருதுநகர் என்று நிறுத்திக்கொண்டாள். எண் கேட்டேன். இல்லை என்றாள். ஒரு கட்டம் காலியாக இருந்தால் பதிவு முழுமை பெறாது என்று விளக்கினேன்.

வெகுநேரம் கழித்துத் தானே வந்தாள். அம்மா வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடையின் எண்ணைச் சொன்னாள்.

“ஆபத்துன்னா மட்டும்தானே சார் கூப்பிடுவீங்க? எனக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா அம்மாவுக்குத் தெரியணும். அதுக்குத்தான்.”

ஆமாம் என்றேன்.

சரிபார்க்காத பதிவு பதிவே அல்ல என்பது என் தொழில் கற்றுத் தந்த பாடம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்து ஒவ்வோர் எண்ணாக அழைத்தேன். சரியாக இருந்தவற்றுக்கு எதிரே பச்சை மையில் டிக். எண் சரிதானா என்று பார்ப்பது வேறு, தகவல் சொல்வது வேறு என்று எனக்கு நானே வகுத்துக்கொண்டேன். கலாவின் பெயரைச் சொல்லி, அந்தக் குடும்பம் பக்கத்தில்தான் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். ஆமாம் என்றார் கடைக்காரர். எங்கிருந்து பேசுகிறீர்கள் என்றார். திருப்பூர் என்றேன். எந்தத் தெரு என்றார்.

பொய் சொல்லிப் பழக்கமில்லை.

அதற்கடுத்த ஞாயிறு, காலை பத்து மணி இருக்கும். முருகேசன் கறிக்கடைக்குப் போயிருந்தான். சந்து முனையில் ஒரு வேன் நின்றது. ஐந்து பேர் இறங்கி உள்ளே வந்தார்கள். போன் செய்தது யார் என்று கேட்டார்கள். நான்தான் என்றேன்.

அவர்களில் மூத்தவர் கலாவின் அண்ணன். என்னைப் பார்த்துக் கைகூப்பினார். “ரொம்ப உபகாரம் சார். எட்டு மாசமாத் தேடுறோம்.”

கலாவும் முருகேசனும் வெவ்வேறு சாதி என்பதும், ஊரை விட்டு ஓடி வந்தவர்கள் என்பதும் அந்த நொடியில்தான் எனக்குப் புரிந்தன.

குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்த கலா எழுந்தாள். அண்ணனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

“ஆபத்துன்னாத்தான் கூப்பிடுவேன்னு சொன்னீங்களே சார்.”

குரலை உயர்த்தவில்லை. இரண்டு பக்கமும் கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள்.

நாற்பது பேருக்கு மேல் நின்றிருந்தோம். எல்லாரும் இளவட்டம். ஒருவரும் ஓரடி முன்னால் வைக்கவில்லை. நீ யார், எந்த ஊர் என்று திருப்பிக் கேட்டால் நின்றவர்களில் பலருக்குப் பதில் சொல்ல முடியாது. வேறு தெருவாக இருந்தால் நரைத்த தலை ஒன்றாவது குறுக்கே வந்து, முதலில் உட்கார்ந்து பேசுங்கள் என்று அதட்டியிருக்கும். எங்களிடம் நரை இல்லை. மூத்தவன் நான் இருந்தேன்... நோட்டோடு.

முருகேசன் வந்தபோது அந்தோணிதான் சொன்னான். வேன் எந்தப் பக்கம் போனது என்று மட்டும் கேட்டுவிட்டு, கறிப் பையைக் கதவின் தாழ்ப்பாளில் மாட்டிவிட்டு ஓடினான். திரும்பி வரவில்லை. பை இரண்டு நாள் அங்கேயே தொங்கியது. எடுக்க எவருக்கும் கை வரவில்லை.

ஒரு மாதம் கழித்து அதே எண்ணை மறுபடி அழைத்தேன். பெயரைச் சொன்னேன். “அப்படி யாரும் இங்க கிடையாது” என்று வைத்துவிட்டார், அதே கடைக்காரர்.

அந்தப் பதிவை அடித்திருக்க வேண்டும். முறை அதுதான். முடியவில்லை.

இன்று எனக்கு ஐம்பது. அதே சந்தில்தான் இருக்கிறேன். காம்பவுண்டு மூன்று மாடியாகிவிட்டது. பீகார், ஜார்க்கண்ட், அசாம் என்று மாறினாலும் குடியிருப்பவர்களின் வயது மாறவில்லை. தையலில் கண் மங்கியவர்கள் ஊருக்குப் போய்விடுகிறார்கள், அந்த இடத்துக்கு இன்னொரு இருபத்திரண்டு வந்துவிடுகிறது. தைல வாசனை ஒரே ஒரு வீட்டிலிருந்துதான் வருகிறது. என் வீடு.

பதிவு வேலை இன்றும் என்னிடம்தான். நோட்டு இல்லை, கைப்பேசியில் ஒரு செயலி. அவசர எண் என்ற கட்டத்தில் சிவப்பு நட்சத்திரம். காலியாக விட்டால் அது நகராது.

போன மாதம் ஒடிசாவிலிருந்து ஓர் இளம் ஜோடி வந்தது. அந்தக் கட்டத்துக்கு வந்ததும் அந்தப் பெண் கணவனைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

நான் என் எண்ணை இட்டேன். சரிபார்ப்புக் குறியீடு என் கைப்பேசிக்கே வந்தது. உள்ளிட்டதும் திரையில் பச்சை டிக் விழுந்தது.

பழைய நோட்டு அலமாரியில் இருக்கிறது. பதினோராம் அறைக்கு எதிரே அந்தப் பச்சை மை இன்னும் மங்கவில்லை.