பெரிய கேட்டில் வைத்த சல்யூட்

முகத்தைப் பார்த்தே ஊர் சொல்லிவிடுவார் குணாளன் என்பது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பலரும் ஒப்புக்கொண்ட விஷயம். ஒப்புக்கொண்டவர்களில் முதல் ஆள் குணாளன்.

இந்தக் கலையை அவர் கற்றது எளாவூர் செக்போஸ்ட் பக்கத்து டீக்கடையில். வாலிப வயதில் அங்கே கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தபோது, லாரியிலிருந்து இறங்கிவரும் டிரைவரை ஒரு பார்வை பார்த்து “நெல்லூரு” என்பார், “கட்டாக்கு” என்பார். தப்பாகப் போனதே இல்லை. கிளாஸ் கழுவுகிற இடத்திலிருந்து லாரியின் நம்பர் பிளேட் நன்றாகத் தெரியும் என்பதை யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பிறகு காக்கிச் சட்டை, விசில், தொப்பி. கார்களுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி. அங்கே இரண்டு கேட். பெரிய கேட்டில் கார் வரும், சல்யூட் வைக்க வேண்டும். சின்ன கேட்டில் கால் நடந்து வரும், பையைத் திறக்கச் சொல்லி ஹான்ஸ் புகையிலைப் பாக்கெட் இருக்கிறதா என்று துழாவ வேண்டும். காருக்கு மரியாதை, காலுக்குச் சோதனை. இதற்கு மேல் அந்த வேலையில் தத்துவம் எதுவும் இல்லை.

சின்ன கேட்டில் குணாளனின் முகக்கலைக்கு நல்ல தீனி கிடைத்தது. ஒரிசா, பீகார், நேபாளி என்று மூன்று டப்பாக்களை மனசில் வைத்திருந்தார். கண் சின்னதாக இருந்தால் நேபாளி. அசாம், மணிப்பூர், மிசோரம், திரிபுரா எல்லாம் அவருடைய வரைபடத்தில் நேபாளத்துக்குள் அடங்கிவிட்டன. அந்த நாட்டை இவ்வளவு பெரிதாக்கிக் கொடுத்தவருக்குக் காத்மாண்டுவில் ஒரு சிலையாவது வைத்திருக்கலாம்.

ஆந்திர எல்லையோரம் இருக்கும் அவர் சொந்த ஊரான ஆரம்பாக்கத்தில் மட்டும் கதை வேறு. ஆந்திரா பஸ் கண்டக்டர்கள் அவரைப் பார்த்ததும் “ஏம் நைனா, எக்கடிக்கி?” என்று தெலுங்கிலேயே போகும் இடம் கேட்பார்கள். குணாளனுக்குப் பற்றிக்கொண்டு வரும். “என் மூஞ்சியப் பாத்தா தெலுங்குக்காரன் மாதிரியா கீது?” என்று வீட்டுக்கு வந்து மனைவி ஜோதிலட்சுமியிடம் கேட்பார். அவள் உற்றுப் பார்த்துவிட்டு, “எதுனா ஒரு ஊரு மாதிரி இருந்தாத்தான் சொல்லலாம்” என்பாள்.

போன வருஷம் அந்தக் கம்பெனியில் ஒரு ஜப்பான் நிறுவனம் பாதிப் பங்கை வாங்கியது. மனிதவள அதிகாரி அன்புராஜுக்குத் தூக்கம் போயிற்று. இனி ஜப்பானியர்கள் வந்துபோவார்கள், செக்யூரிட்டி யாரையாவது நேபாளி என்று நினைத்து “பையைத் தொற” என்று சொல்லிவிட்டால் என்ன கதி? யோசித்து, இன்டர்நெட்டில் தேடி, ஒரு படத்தைக் கலரில் அச்சடித்துக் காவலர் அறைக்குள் ஒட்டினார்.

ஆசியாவின் சராசரி முகங்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஒரு முகம். ஒரு நாட்டுக்காரர்களின் போட்டோக்களை நூற்றுக்கணக்கில் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, நடுவில் தேறி நிற்கும் முகத்தை எடுப்பார்களாம்.

“இது ஜப்பான். இது கொரியா. இது சைனா,” என்று அன்புராஜ் பேனாவால் தொட்டுக் காட்டினார். “இந்த மாதிரி மூஞ்சி வந்தா பேசக் கூடாது. சல்யூட், கேட் ஓப்பன், எனக்கு போன். புரிஞ்சுதா?”

“எல்லாம் சினிமாவுல நடிக்கிறவனுங்க மாதிரி கீறானுங்களே சார்,” என்றார் குணாளன்.

“கலக்கிட்டா அழகாயிடும்பா. பரு, தழும்பு, கோணமூக்கு எல்லாம் கழிஞ்சிடும்.”

அவர் போனதும், கூட வேலை பார்க்கும் லோகு மூலையில் இருந்த கட்டத்தைக் கண்டுபிடித்தான். தென்னிந்தியா என்று போட்டிருந்தது. கோதுமை நிறம், அளவெடுத்த மூக்கு, சாந்தமான பார்வை.

“யாருண்ணா இவன்? நம்மாளாம்.”

“இவன் எங்க கீறான்? பொன்னேரி மார்க்கெட்ல ஒரு நாள் பூரா நின்னாலும் இவன் சிக்க மாட்டான்,” என்றார் குணாளன்.

“உன்னையும் சேத்துக் கலக்கியிருந்தா இந்தக் கலரு வந்திருக்காது.”

“உன் மூக்கச் சேத்திருந்தா கட்டமே பத்தியிருக்காது, போடா.”

தங்கள் தெருவில், தங்கள் வீட்டில், ஒரே தாய் வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பிக்குள்கூட அந்த முகம் இல்லை என்று இருவரும் ஆள் ஆளாகப் பேர் சொல்லிச் சிரித்தார்கள். இவ்வளவு தெளிவாக யோசித்தவர்கள், பக்கத்துக் கட்டங்களைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நாம் மட்டும்தான் பல மாதிரி, மற்றவன் எல்லாம் ஒரே மாதிரி என்பது உலகத்தில் எல்லாருக்கும் உள்ள நம்பிக்கை. குணாளன் தனியாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை.

ஜப்பானிலிருந்து ஒகுமுரா என்ற மூத்த இன்ஜினியர் வருவதாக இருந்த நாள். காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதி, சின்ன கேட்டைச் சாத்தியாயிற்று. பெரிய கேட்டில் குணாளன் விறைப்பாக நின்றார். உள்ளே வரவேற்பில் அஸ்வினி என்ற பெண் ரோஜாவும் சந்தனமுமாகக் காத்திருந்தாள். இளநீர் சீவி வைத்திருந்தார்கள்.

அப்போது சாலையோரமாக ஒருவன் வேகமாக வந்தான். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, பளிச்சென்ற முகம். சுவரில் ஒட்டியிருந்த ஜப்பான் கட்டம் எழுந்து நடந்து வந்த மாதிரியே இருந்தது.

குணாளன் குதிகால்களை ஒட்டிவைத்து ஒரு சல்யூட் அடித்தார். பெரிய கேட்டை முழுசாகத் திறந்தார்.

வந்தவன் மிரண்டு நின்றான். அவன் பெயர் ஜிபன் நார்ஜாரி. அசாமில் கோக்ராஜார் பக்கத்து போடோ இனத்துக்காரன். அதே கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை. விருந்தாளி வருகிறார், துவைத்த சட்டை போட்டு வா என்று ஃபோர்மேன் சொன்னதால் இஸ்திரி போட்டதில் நேரமாகிவிட்டது.

“அண்ணா, நான் பிரஸ் ஷாப்புண்ணா. லேட்டாயிடுச்சு. சின்ன கேட்ட தொறண்ணா.”

குணாளனின் காதில் இது நன்றாகவே விழுந்தது. ஆனால் கண் ஒரு முடிவுக்கு வந்த பிறகு காதுக்கு அங்கே என்ன வேலை? ஜப்பானுக்கும் தமிழுக்கும் ஆதியிலிருந்தே ஏதோ உறவு உண்டு என்று எங்கேயோ கேட்டிருந்தார். அது உண்மைதான் போலிருக்கிறது என்று உடம்பெல்லாம் புல்லரித்தது.

“சார் தமிளே பேசுறாரு சார்,” என்று போனில் அன்புராஜிடம் சொன்னார்.

ஜிபன் கையில் ரோஜா வந்தது. நெற்றியில் சந்தனம் வந்தது. அன்புராஜ் ஓடிவந்து இங்கிலீஷில் மூச்சுவிடாமல் வரவேற்றார். ஜிபன் பயத்தில் வாயைத் திறக்கவில்லை, தலையை மட்டும் குனிந்தான். என்ன பண்பாடு பார் என்று அன்புராஜ் தானும் குனிந்தார்.

இந்தக் குனிதல் நடந்துகொண்டிருந்தபோது, ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு பெரியவர் இறங்கிச் சின்ன கேட்டைத் தட்டினார். வெயிலில் கறுத்த, சுருக்கம் விழுந்த முகம். கன்னத்தில் பழைய அம்மைத் தழும்பு. வியர்த்துப்போன சட்டை, முதுகில் பை.

“இந்த வயசுலயும் வேலைக்கு இட்டாந்துட்டானுங்க பாரு,” என்று முனகிக்கொண்டே குணாளன் திறந்தார். “பேக் கோலோ,” என்று பையைத் திறக்கச் சொன்னார், தெரிந்த இந்தியில்.

பெரியவர் மறுப்பே சொல்லாமல் திறந்து காட்டினார். டப்பாவையும் திறந்து காட்டினார். சோற்று உருண்டைகள் இருந்தன. “கான்ட்ராக்டரு வர்ற வரைக்கும் அங்க குந்து” என்று பெஞ்சைக் காட்டினார் குணாளன். பெரியவர் உட்கார்ந்து, தொப்பியால் விசிறிக்கொண்டார்.

விருந்தாளி கார் வேண்டாமென்று சென்ட்ரலிலிருந்து மின்சார ரயிலில் தானாகவே கிளம்பிவிட்டார் என்று டிரைவர் போன் செய்த பிறகுதான் உள்ளே விஷயம் உடைந்தது. அன்புராஜ் பெஞ்சுக்கு ஓடிவந்த வேகத்தில் செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றுவிட்டது.

ஒகுமுரா கோபப்படவில்லை. வித்தியாசம் பார்க்காமல் எல்லாருடைய பையையும் சோதிப்பது நல்ல பழக்கம் என்றார். ஜிபனைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்து, தோளில் தட்டினார். அவன் நீட்டிய ரோஜாவை வாங்காமல், நீயே வைத்துக்கொள் என்று சைகை காட்டினார்.

விருந்தாளி மன்னித்துவிட்டார். கம்பெனிக்கு அது போதவில்லை. முதலாளி காதுக்கு விஷயம் போவதற்குள் ஒரு குற்றவாளி வேண்டும். படம் ஒட்டியவரைச் சொல்ல முடியாது, விசாரிக்கப்போவதே அவர்தான்.

மதியம் அன்புராஜ் குணாளனைத் தனியாகக் கூப்பிட்டார். “ரெண்டுல ஒண்ணுதான். அவன் ஆள்மாறாட்டம் பண்ணி உள்ள வந்திருக்கணும். இல்லன்னா உனக்குக் கண்ணு தெரியலன்னு ஆவுது. கண்ணு தெரியாதவன கேட்ல வெச்சுக்கினு இன்னா பண்றது, சொல்லு.”

பிறகு ஜிபனை உள்ளே கூப்பிட்டார்கள். நெற்றிச் சந்தனத்தை அவன் பாதிதான் துடைத்திருந்தான்.

“இவன் யாருன்னு உங்கிட்ட சொன்னானா?” என்றார் அன்புராஜ்.

“சொன்னேன்லண்ணா,” என்றான் ஜிபன், குணாளனைப் பார்த்து. “பிரஸ் ஷாப்புன்னு சொன்னேன். சின்ன கேட்ட தொறன்னேன்.”

குணாளன் தரையைப் பார்த்தார். நல்ல டைல்ஸ், அன்றைக்குத்தான் துடைத்திருந்தார்கள்.

“சொல்லல சார்.”

ஜிபன் நெற்றியில் மீதியிருந்த சந்தனத்தையும் துடைத்தான். அன்புராஜ் பெருமூச்சு விட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவனிடம் சொன்னார்.

அன்று வீட்டில் குணாளன் இதை ஒரு தமாஷாகத்தான் சொல்லத் தொடங்கினார். சல்யூட், ரோஜா, சோற்று உருண்டை எல்லாவற்றுக்கும் மகள் பூமிகா விழுந்து விழுந்து சிரித்தாள். ஜோதிலட்சுமி சிரிக்கவில்லை.

“அந்தப் புள்ள வாயத் தொறந்து ஒண்ணுமே சொல்லலியா?”

“தண்ணி குடு,” என்றார் குணாளன்.

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“அதான் தண்ணி கேட்டேனே.”

அவள் சொம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். மேற்கொண்டு கேட்டிருந்தால் கொஞ்சம் கத்தியாவது தீர்த்திருக்கலாம். கேட்காமல் விட்டதில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார்.

மறுநாள் ஒகுமுரா வந்ததும் கேட்ட முதல் கேள்வி, என் ரோஜாவை வாங்கிக்கொண்ட இளைஞன் எங்கே? அவனோடு ஒரு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்ப வேண்டுமாம். அன்புராஜ் வெளியே வந்து குணாளனைப் பிடித்தார்.

“அவன் ரூம்ல விசாரிச்சுட்டேன், ஸ்டேஷனுக்குப் போயிருக்கான். போன் ஆஃப். நீ போய் இட்டுக்கினு வா. வேலை உண்டுன்னு சொல்லு. மூஞ்சி உனக்குத்தான் நல்லாத் தெரியும்.”

குணாளன் லோகுவின் வண்டியை வாங்கிக்கொண்டு பறந்தார். வழியெல்லாம் ஒரு சந்தோஷம். தப்பை உடைத்துச் சொல்லாமலே சரிசெய்துவிட ஒரு வழி கிடைத்துவிட்டது. அவனுக்கு வேலை, தனக்கு மானம், யாருக்கும் நஷ்டமில்லை.

பிளாட்பாரத்தில் ஒரு கூட்டம் நின்றது. ஊருக்குப் போகிறவர்கள், ஏற்றிவிட வந்தவர்கள், தோளில் பை, கையில் பக்கெட். எல்லாரும் இளைஞர்கள். எல்லாரும் அவர் நேபாளி டப்பாவில் போட்டு வைத்திருந்தவர்கள்.

குணாளன் முதல் முகத்தைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். ஒன்று நீளம், ஒன்று வட்டம். ஒருவனுக்குப் புருவம் சேர்ந்திருந்தது, ஒருவனுக்குப் பல் எடுப்பாக இருந்தது. ஒருவன் குணாளனைவிடக் கறுப்பு. இத்தனை வித்தியாசமும் இத்தனை நாள் எங்கே இருந்தது? இவர்களில் எது ஜிபன்? நெற்றி எப்படி இருந்தது, மூக்கு எப்படி இருந்தது என்று கண்ணை மூடித் தேடினார். தினமும் அவன் பைக்குள் கைவிட்ட மனிதர் அவர். பார்வை பையோடு நின்றுவிட்டிருந்தது. நேற்று விசாரணையிலோ டைல்ஸைத்தான் பார்த்தார்.

“ஜிபன்,” என்று கூப்பிட்டுப் பார்த்தார். யாரும் திரும்பவில்லை.

ஓரமாக நின்ற ஒருவனிடம் போனார். “நீதானப்பா?”

“யாருண்ணா?”

“ஜிபன். பிரஸ் ஷாப்பு.”

“நான் இல்லண்ணா,” என்றான் அவன், சுத்தமான கும்மிடிப்பூண்டித் தமிழில். பக்கத்தில் நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

அந்தக் குரல் நேற்றைய குரலா என்று குணாளனுக்குத் தெரியவில்லை. “அவனப் பாத்தா சொல்லுப்பா. வேலை கீது, வரச் சொல்றாங்கன்னு.”

“சரிண்ணா. வேற இன்னா சொல்லணும்?”

“அவன் மேல தப்பு இல்லன்னு சொல்லு. அவன் எங்கிட்ட சொன்னான்தான்.”

“ஆபீஸ்ல அத சொல்லிட்டியாண்ணா?”

சென்னை ரயில் வந்து நின்றது. அந்த இளைஞன் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஏறினான். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

அவர் கம்பெனிக்குத் திரும்பியபோது வரவேற்பறையில் போட்டோவுக்கு எல்லாம் தயாராக இருந்தது. ஒகுமுரா பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஓர் இளைஞன் ரோஜாவோடு சிரித்துக்கொண்டு நின்றான். பெயின்ட் ஷாப்பில் வேலை பார்க்கும் மிசோரம்காரன். அன்புராஜ் குணாளனின் காதில், “நீ வர லேட்டாச்சு. இவனே போதும், அவருக்கு இன்னா தெரியப்போவுது” என்றார். பிறகு சத்தமாக, “இவன்தானே குணாளன்?” என்று கேட்டார்.

“இவன் இல்ல சார்.”

“குணாளன்.”

“இவன் இல்ல. அவன் பிரஸ் ஷாப்புன்னு சொன்னான் சார். எனக்கு நல்லாக் கேட்டுது. நேத்து நான்தான் பொய் சொல்லிட்டேன். அவன் ரயிலேறிப் போயிட்டான் சார்.”

தமிழ் தெரியாத ஒகுமுரா, என்ன சொல்கிறார் என்பதுபோல அன்புராஜைப் பார்த்தார். அன்புராஜ் ஒரு நொடிகூட யோசிக்காமல் இங்கிலீஷில் சொன்னார்: உங்களுக்கு வரவேற்பு சொல்கிறார், நேற்று நடந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறார்.

ஒகுமுராவின் முகம் மலர்ந்தது. குணாளன் எதிரில் வந்து நின்று, கைகளைத் தொடையோடு சேர்த்து, இடுப்புவரை வளைந்து வணங்கினார். குணாளனும் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார்.

முதலில் நிமிர்ந்தவர் ஒகுமுரா. அவர் காத்திருந்தார். கேமரா வைத்திருந்த அஸ்வினியும் காத்திருந்தாள். “போதும்பா, எந்திரி” என்று அன்புராஜ் சொன்ன பிறகும் குணாளன் அப்படியே நின்றார்.